கால்டிரான்ஸ் இயக்குநராக ஒரு சிவில் பொறியாளர்: நியமனமும் செனட் ஒப்புதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர் கால்டிரான்ஸ். அதன் இயக்குநர் பதவிக்கு ஒருவரை ஆளுநர் நியமிக்கும்போதெல்லாம், அவர் பொறியாளரா, பொறியாளராகத்தான் இருக்க வேண்டுமா, செனட் எதைப் பார்த்து ஒப்புதல் தருகிறது என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கான விடைகள் கீழே.

இது எவ்வளவு பெரிய பதவி?

கால்டிரான்ஸின் பொறுப்பில் உள்ள நெடுஞ்சாலைத் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைத்தால் 50,000 மைலுக்கு மேல் வரும். மாநிலம் 12 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாவட்ட இயக்குநர் இருக்கிறார், தலைமையகம் சாக்ரமென்டோ. ஊழியர்கள் 20,000 பேருக்கு மேல். மாநிலத்தின் நெடுஞ்சாலை நிர்வாகம் 1895-லேயே தொடங்கிவிட்டது என்றாலும், இன்றைய வடிவிலான துறை 1970-களின் தொடக்கத்தில்தான் அமைந்தது. நெடுஞ்சாலை மட்டும் பார்த்துவந்த அமைப்பைப் பொதுப் போக்குவரத்தையும் விமானநிலைய அனுமதிகளையும் சேர்த்துப் பார்க்கும் துறையாக மாற்றியதே அந்தச் சீரமைப்பின் நோக்கம். இயக்குநர் யாராக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது: சாலை போடுவது மட்டுமே வேலை என்றிருந்தவரை, தலைவர் பொறியாளர்தான் என்பதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இயக்குநரை நியமிப்பவர் யார்? செனட்டுக்கு இதில் என்ன வேலை?

நியமிப்பவர் ஆளுநர். அந்த நியமனம் மாநில செனட்டின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று அரசுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க செனட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே பேசப்படுவது 40 உறுப்பினர்கள் கொண்ட கலிஃபோர்னியா செனட். மாநிலச் சட்டமன்றத்தின் மற்றோர் அவையான அசெம்பிளிக்கு இந்த நியமனத்தில் வாக்கில்லை.

இயக்குநருக்கு மேலே மாநிலப் போக்குவரத்து முகமையின் செயலாளர் இருக்கிறார். 2013-ல் தனி முகமையாக உருவான அதன் கீழ் கால்டிரான்ஸோடு நெடுஞ்சாலைக் காவல், மோட்டார் வாகனத் துறை ஆகியவையும் வருகின்றன. செய்திகளில் இந்த இரண்டு பதவிகளும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. டோக்ஸ் ஒமிஷாகின் முதலில் கால்டிரான்ஸ் இயக்குநராக இருந்து 2022-ல் முகமைச் செயலாளர் ஆனார். அவர் விட்ட இயக்குநர் இடத்துக்கு டோனி டவாரஸ் வந்தார் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

ஒப்புதல் கிடைக்கும்வரை அவர் வேலை பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம். நியமிக்கப்பட்டவர் முதல் நாளிலிருந்தே முழு அதிகாரத்துடன் இயங்குகிறார். பொறுப்பேற்ற நாளிலிருந்து 365 நாட்களுக்குள் செனட் ஒப்புதல் தராவிட்டால் அவர் பதவியில் தொடர முடியாது. செனட் வெளிப்படையாக மறுத்துவிட்டால், மறுத்த நாளிலிருந்து 60 நாட்கள் அல்லது அந்த 365 நாட்களின் முடிவு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அவருக்கு அவகாசம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். விசாரணைக்கு வருகிறவர் இனிமேல் என்ன செய்வார் என்று ஊகிக்க வேண்டிய நிலையில் செனட் இல்லை. பல மாதங்கள் அவர் என்ன செய்தார் என்பதையே முன்னால் வைத்துக் கேள்வி கேட்கலாம். மழைக்காலச் சரிவு ஒன்று, பாலப் பழுது ஒன்று, வரவுசெலவுத் திட்டம் ஒன்று எனச் சிலவற்றையாவது அவர் கடந்துவந்திருப்பார்.

விசாரணை அமர்வில் என்ன நடக்கிறது?

செனட் விதிகள் குழு என்ற ஐவர் குழுவிடம் நியமனம் முதலில் போகிறது. செனட்டின் இடைக்காலத் தலைவர் என்று அழைக்கப்படும் அவைத் தலைவரே அதற்கும் தலைவர். பெரிய துறைகளின் இயக்குநர்கள் நேரில் வரவேண்டும். அதற்கு முன்பே குழு எழுத்துக் கேள்விகளை அனுப்பி, எழுத்துப் பதில்களைப் பெற்றுவிடும். நேரடி அமர்வு பெரும்பாலும் மரியாதையான உரையாடலாகவே நடந்து முடியும். அந்த எழுத்துப் பதில்களில்தான் சரக்கு இருக்கும். நியமிக்கப்பட்டவர் தம் சொத்து, பங்கு, வருமானத் தொடர்புகளையும் 1974-ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனங்களோடு கோடிக்கணக்கான டாலர் புழங்கும் துறையில் இது வெறும் சடங்கு அன்று.

குழு பரிந்துரைத்த பிறகு முழு அவையில் 21 வாக்குகள் கிடைத்தால் ஒப்புதல் ஆயிற்று.

இயக்குநர் பொறியாளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

இல்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

ஆனால் பொறியியல் முடிவுகளில் கையெழுத்திட உரிமம் வேண்டும் என்று சட்டம் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறது. அந்தக் கண்டிப்புக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்த் தேவைக்காகக் கட்டப்பட்ட செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அணையைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட் கல்லூரிக்குப் போகாமல் அனுபவத்திலேயே பொறியாளராக உயர்ந்தவர். அவர் முடிவை மேற்பார்க்க இன்னொரு கண் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே சிவில் பொறியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டத்தை மாநிலம் இயற்றியது. இன்றும் அங்கே சிவில் பொறியாளர் உரிமம் பெற, நாடு முழுவதுக்கும் பொதுவான தேர்வுகளோடு, நிலநடுக்கக் கோட்பாடுகளிலும் நில அளவையிலும் மாநிலத்துக்கென்றே நடத்தப்படும் தனித் தேர்வுகளில் தேற வேண்டும்.

ஆகவே, ஒரு பாலத்தின் வரைபடத்தில் முத்திரையிடுபவர் உரிமம் பெற்ற பொறியாளர். துறைக்குத் தலைமைப் பொறியாளர் என்று தனியே ஒருவர் இருக்கிறார். இயக்குநர் அந்த முத்திரைக்கு மாற்றாக வர முடியாது.

அப்படியானால் இதுவரை இயக்குநர்களாக இருந்தவர்கள் யார்?

எல்லா வகையினரும் இருந்திருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் மால்கம் டஹர்டி, லாரி பெர்மன், டோனி டவாரஸ், 2025-ல் நியமிக்கப்பட்ட டினா எல்-டவான்ஸி ஆகியோர் சிவில் பொறியாளர்கள். துறைக்குள்ளேயே பல ஆண்டுகள் பணியாற்றி, மாவட்டப் பொறுப்புகள் பார்த்து மேலே வந்தவர்கள். பெர்மன் சான் டியேகோ பகுதிக்கும், டவாரஸ் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கும், எல்-டவான்ஸி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கும் மாவட்ட இயக்குநர்களாக இருந்தவர்கள். இடையே 2019 முதல் 2022 வரை பதவி வகித்த ஒமிஷாகின், டென்னஸி மாநிலத்திலிருந்து வந்த திட்டமிடல் வல்லுநர். 1989 நிலநடுக்கத்தின்போது இயக்குநராக இருந்த ராபர்ட் பெஸ்ட் வழக்கறிஞர். 2004 முதல் 2009 வரை இருந்த வில் கெம்ப்டன், துறையின் சட்டமன்ற விவகாரங்களைக் கவனித்து அனுபவம் பெற்றவர், பொறியாளர் அல்லர்.

பொறியாளர் அல்லாதவர் தலைமைக்கு வந்தபோது துறை தடுமாறியதா?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் பெயர் ஏட்ரியானா ஜியன்டர்கோ. 1976-ல் ஆளுநர் ஜெரி பிரவுன் நியமித்த இவர் திட்டமிடல் படித்தவர், கால்டிரான்ஸின் முதல் பெண் இயக்குநர். அதே ஆண்டு மார்ச் 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் சான்டா மோனிகா விரைவுச்சாலையில் 'டைமண்ட் லேன்' தொடங்கப்பட்டது. புதிதாகத் தடம் போடாமல், ஏற்கெனவே எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்த தடத்தையே எடுத்து, மூவருக்குக் குறையாமல் பயணிக்கும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். மற்ற தடங்களில் நெரிசல் முற்றியது, விபத்துகள் கூடின, மக்கள் கொதித்தார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தவில்லை என்று ஆகஸ்ட் மாதம் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்ததோடு அந்தப் பரிசோதனை முடிந்தது.

"பொறியாளர் அல்லாதவரை உட்கார வைத்தால் இப்படித்தான்" என்று அப்போது பேசப்பட்டது, இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்தத் திட்டம் அவர் வருமுன்பே துறைக்குள் தயாராகியிருந்தது. வந்தவுடன் அதற்கு அவர் முகமாகிப்போனார், விட்டுக்கொடுக்காமல் ஆதரித்தும் பேசினார். தவறு அவருடைய படிப்பில் இல்லை. பிற்காலத்தில் கலிஃபோர்னியா முழுவதும் பகிர்வுப் பயணத் தடங்கள் வந்தன, பெரும்பாலும் புதிய தடமாகச் சேர்க்கப்பட்டவை என்ற வேறுபாட்டோடு.

எதிர்ப்புறத்தில் கெம்ப்டனின் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2007 ஏப்ரல் 29 அதிகாலையில், ஓக்லாந்து அருகே மக்ஆர்தர் மேஸ் எனப்படும் சாலைச் சந்திப்பில் பெட்ரோல் டேங்கர் லாரி கவிழ்ந்து எரிந்ததில் மேம்பாலப் பகுதி ஒன்று உருகிச் சரிந்தது. நாளுக்கு இரண்டு லட்சம் டாலர், அதிகபட்சம் 50 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் விடப்பட்டது. 26-ஆம் நாளே பாலம் திறக்கப்பட்டது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு சான்டா மோனிகா விரைவுச்சாலையை 66 நாட்களில் மீட்டபோதும் இதே வழிமுறைதான் கைகொடுத்தது. இந்த இரண்டிலும் இயக்குநரின் பங்கு கணக்குப்போட்டு வடிவமைப்பது அன்று. நல்ல ஒப்பந்த விதியை எழுதிக் கையெழுத்திட்டு, வல்லுநர்களின் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது.

பிறகு எதற்குப் பொறியாளர்? எங்கேதான் அந்தப் படிப்பு உதவுகிறது?

அவசர வேளையில், ஊடகங்களின் முன்பும் ஆளுநரின் முன்பும் நின்றுகொண்டு "இன்னும் தெரியாது" என்று சொல்லத் துணிவதற்கு உதவுகிறது. 2023 நவம்பர் 11 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்துக்கு அருகே ஐ-10 விரைவுச்சாலையின் கீழே அடுக்கியிருந்த மரப் பலகைகள் உள்ளிட்ட பொருட்கள் தீப்பற்றி எரிந்தன. ஏறத்தாழ நூறு தூண்கள் சேதமடைந்தன. நாளொன்றுக்கு மூன்று லட்சம் வாகனங்கள் செல்லும் சாலை அடைபட்டது. பாலத்தையே இடித்துக் கட்ட வேண்டுமா, தாங்கு கொடுத்துப் பழுதுபார்த்தால் போதுமா என்பதே முதல் கேள்வி. கான்கிரீட்டைத் துளைத்தெடுத்த மாதிரிகளும் உள்ளிருக்கும் முறுக்குக் கம்பிகளின் மாதிரிகளும் ஆய்வகத்துக்குப் போய் விடை வரும்வரை அதற்குப் பதில் இல்லை. தீயில் கருகிய கான்கிரீட் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், உள்ளே எத்தனை அங்குலம் வரை வெப்பம் போனது, கம்பி இறுக்கம் இழந்ததா என்பதுதான் கணக்கு. முடிவு வந்ததும் இடிக்கத் தேவையில்லை என்று அறிவித்தார்கள். மூன்று முதல் ஐந்து வாரம் என்று மதிப்பிட்ட வேலை ஏறத்தாழ எட்டே நாட்களில் முடிந்து சாலை திறந்தது. அப்போது இயக்குநர் டவாரஸ். தம் ஆய்வகத்திலிருந்து வந்த தாளைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த தலைவர் இருப்பது அந்த வாரத்தில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அதே நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாலத்துக்கு அடியில் எரியக்கூடிய பொருட்கள் எப்படி வந்தன? அந்த நிலம் துறைக்குச் சொந்தமானது, வாடகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகையை யார் கண்காணித்தார்கள் என்பது பொறியியல் கேள்வி அன்று, நிர்வாகக் கேள்வி.

தலைவர் பொறியாளராக இருந்தும் பொறியியலில் பிழை நேர்ந்ததுண்டா?

உண்டு, பெரிய அளவிலேயே. சான் ஃபிரான்சிஸ்கோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி, ஏறத்தாழ 640 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டது. 2013 மார்ச்சில், நிலநடுக்க அதிர்வைத் தாங்கும் பாகங்களைத் தூணோடு பிணைக்கும் 96 எஃகுக் கம்பிகளை முறுக்கியபோது, சில நாட்களுக்குள் 32 கம்பிகள் முறிந்தன. துத்தநாகம் பூசிய உயர்வலிமை எஃகு. பொருத்தப்பட்ட துளைகளில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்தது. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, இழுவிசை ஏறும்போது அதை நொறுங்கவைக்கும் குறைபாடு அது. இவ்வகை எஃகுக்குத் துத்தநாகம் பூசுவதில் இந்த ஆபத்து உண்டு என்பது முன்பே தெரிந்த செய்தி. எஃகுச் சேணம் ஒன்றை வடிவமைத்துப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். அது முடியும்வரை தற்காலிகத் தாங்குதகடுகளை வைத்து, செப்டம்பர் 2 அன்று பாலம் திறந்தது.

அப்போதைய இயக்குநர் டஹர்டி உரிமம் பெற்ற சிவில் பொறியாளர். பிறகு செனட்டின் போக்குவரத்துக் குழு 2014 தொடக்கத்தில் நடத்திய விசாரணையில், பற்றவைப்பின் தரம் குறித்துக் கேள்வி எழுப்பியதற்காகத் தங்களை ஒதுக்கிவிட்டதாகச் சில பொறியாளர்கள் சாட்சியம் அளித்தார்கள். என் பார்வையில், ஒப்புதல் விசாரணையில் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: "உங்கள் கீழ் உள்ள பொறியாளர் 'வேண்டாம்' என்று எழுத்தில் தந்தால், அந்தத் தாள் எத்தனை நாட்களில், யார் வழியாக உங்கள் மேசைக்கு வரும்?" பொறியாளரான தலைவர் இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். "எனக்கே தெரியும்" என்ற நம்பிக்கை சில வேளைகளில் பொறியாளரிடத்தில்தான் அதிகம்.

1989 நிலநடுக்கத்தில் இடிந்த ஓக்லாந்து மேம்பாலத்துக்கும் இதற்கும் தொடர்புண்டா?

1989 அக்டோபர் 17 அன்று சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலம் சரிந்து 42 பேர் இறந்தார்கள். ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவுக்கு நிலநடுக்கப் பொறியியலின் முன்னோடி ஜார்ஜ் ஹவுஸ்னர் தலைமை வகித்தார். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு மேம்பாலங்களின் இணைப்புகளில் கம்பிவடம் கட்டும் வேலையைத் துறை செய்திருந்தது, சைப்ரஸிலும் கட்டியிருந்தார்கள். தூண்களை வலுவூட்டும் வேலைதான் பின்தங்கிக் கிடந்தது. அந்தக் குறையை வழக்கறிஞரான இயக்குநரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. முன்னுரிமையும் பணமும் பல ஆண்டுகளாகத் தவறவிட்ட செய்தி அது. அதன் பிறகு வெளியிலிருந்து வல்லுநர்களைக் கொண்ட நிலநடுக்க ஆலோசனைக் குழு நிரந்தரமாகத் துறைக்கு அமைந்தது. தலைவரின் தனிப்பட்ட அறிவை நம்பாமல் அறிவுரைக்கென்று ஓர் அமைப்பையே உருவாக்கியது, என் கணக்கில், எந்த நியமனத்தைவிடவும் பயன் தந்தது.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதை இயக்குநரே முடிவு செய்கிறாரா?

தனியாக அல்லர். கலிஃபோர்னியா போக்குவரத்து ஆணையம் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குகிறது. 2017-ல் நிறைவேறிய எஸ்.பி. 1 (செனட் மசோதா 1) என்ற சட்டம் பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. அதை ரத்து செய்ய 2018-ல் வந்த வாக்கெடுப்பு தோற்றது. 2027-க்குள் நெடுஞ்சாலைப் பரப்பில் 98 விழுக்காடு நல்ல அல்லது நடுத்தர நிலையில் இருக்க வேண்டும், கூடுதலாக 500 பாலங்கள் சீரமைக்கப்பட வேண்டும் என்று அந்தச் சட்டமே இலக்கு வைத்தது. விசாரணைக்கு வரும் இயக்குநரிடம் கேட்க எண்களோடு கூடிய கேள்விகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. துறையின் கணக்குகளைத் தணிக்கை செய்யத் தனித் தலைமை ஆய்வாளரையும் அதே சட்டம் கொண்டுவந்தது. அவருக்கும் செனட் ஒப்புதல் தேவை.

சாலையை அகலப்படுத்துவது பற்றிய விவாதத்தில் பொறியாளருக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு?

ஒரு தலைமுறைப் பொறியாளர்கள், சந்திப்பில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டியுள்ளது என்பதை வைத்தே சாலையின் தரத்தை அளக்கப் பயின்றவர்கள். 2013-ல் இயற்றப்பட்ட எஸ்.பி. 743 அந்த அளவுகோலைச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து நீக்கி, ஒரு திட்டத்தால் மக்கள் ஓட்டும் மொத்த மைல்கள் கூடுமா குறையுமா என்பதை அளக்கும் முறைக்கு வழிவகுத்தது. அகலப்படுத்தினால் புதிய வாகனங்கள் வந்து நிரப்பிவிடும் என்பதே இதன் பின்னணிக் கருத்து. 2023-ல் துறையின் திட்டமிடல் துணை இயக்குநர் ஒருவர், ஐ-80 சாலையைப் பராமரிப்பு என்ற பெயரில் அகலப்படுத்துவதாகக் குற்றம்சாட்டினார். அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சச்சரவில் எந்தப் பக்கம் சரி என்பது வேறு. ஒப்புதல் விசாரணையில் தவிர்க்கக் கூடாத தலைப்பு இது.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழியுண்டா?

உண்டு. ஆதரித்தோ எதிர்த்தோ விதிகள் குழுவுக்குக் கடிதம் எழுதலாம். அமர்வில் நேரில் வந்தும் சுருக்கமாகப் பேசலாம். ஒப்பந்ததாரர் சங்கங்களும் அரசுப் பொறியாளர் சங்கமும் தவறாமல் வருவார்கள். பொறியியல் வேலைகளை வெளி நிறுவனங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் அந்தச் சங்கத்துக்கும் துறைக்கும் நெடுநாள் சச்சரவு உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வெளியே கொடுக்க அனுமதிக்கும் தரப்பே வென்றது. ஆகவே ஒரு பொறியாளர் நியமிக்கப்பட்டார் என்பதாலேயே பொறியாளர்கள் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒப்புதல் கிடைத்த பிறகு அவரை நீக்க முடியுமா?

ஆளுநர் விரும்பும்வரைதான் பதவி. எந்த நாளிலும் விடுவிக்கலாம், அதற்கு செனட்டின் அனுமதி வேண்டியதில்லை. வேறொருவரை நியமித்தால் அவருக்கும் அந்த 365 நாட்கள் புதிதாகத் தொடங்கும்.